முடிச்சைக் கிள்ளிப் பாருங்கள்

நம்பிக்கை: யூரியா போட்டுப் போட்டு மண் செத்துவிட்டது.

மேடைக்கு மேடை கேட்கும் வசனம். மண் அவ்வளவு லேசில் சாகாது. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் பண்ணையில் 1843 முதல் ஒரே வயலில் கோதுமை போட்டு உரங்களைச் சோதித்து வருகிறார்கள். அதே பாணியில் கோவையிலும் 1909-இல் நிரந்தர உரச் சோதனை வயல் தொடங்கினார்கள். ராதம்ஸ்டெட்டில் ரசாயன உரம் மட்டுமே கண்ட பாத்திகளில் இன்றும் கோதுமை விளைகிறது; நுண்ணுயிரும் இருக்கிறது. தொழுவுரம் கண்ட பாத்தியில் அது மேலும் செழிப்பாக இருக்கிறது, அவ்வளவுதான். நுண்ணுயிருக்குச் சோறு கரிமப்பொருள். சருகும் வைக்கோலும் சாணமும் நின்றுபோய் யூரியா மூட்டை மட்டும் வந்தால் அது பட்டினி கிடக்கும், பெரும்பகுதி உறங்கிவிடும். யூரியாவைத் திட்டுகிறவர்களே அறுவடை முடிந்ததும் தாளைக் கொளுத்துவதுதான் வேடிக்கை.

நம்பிக்கை: நல்ல நுண்ணுயிரை வாங்கிக் கொட்டினால் மண் தேறிவிடும்.

ஒரு கிராம் மண்ணில் ஏற்கெனவே கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. அந்த நெரிசலில் புதிதாக வரும், நுண்ணுயிர் உரமான அசோஸ்பைரில்லத்துக்கு இடமும் தீனியும் கிடைக்க வேண்டும். அதனால்தான் ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து விதையில் பூசி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி, உடனே விதைக்கச் சொல்கிறார்கள். முளைக்கும் வேர் கசியவிடும் சர்க்கரை அப்போது அதற்கு முதலில் கிடைக்கும். கடை வாசலில் வெயிலில் வெந்த பாக்கெட்டில் உயிர் அதிகம் மிஞ்சியிருக்காது. யூரியாவோடு கலந்து வீசுகிறவர்களும் உண்டு. அவர்கள் பணத்தை நேராக வரப்பில் போட்டுவிடலாம்.

நம்பிக்கை: பயறு போட்டால் போதும், தழைச்சத்து தானாக ஏறும்.

பாதி உண்மை. காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிப்பது வேர்முடிச்சுக்குள் இருக்கும் ரைசோபியம். அது வேலை செய்கிறதா என்று வயலிலேயே பார்த்துவிடலாம். பூக்கும் பருவத்தில் ஓர் உளுந்துச் செடியை மண்வெட்டியால் மண்ணோடு பெயர்த்துத் தண்ணீரில் மெதுவாக அலசுங்கள். வெடுக்கென்று பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணிலேயே தங்கிவிடும். ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளிப் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு புரதம் தரும் நிறம் அது. தழைச்சத்தைப் பிடிக்கும் நொதி ஆக்சிஜன் மிகுந்தால் கெட்டுவிடும். இந்தப் புரதம் ஆக்சிஜனை அளந்து கொடுக்கிறது. உள்ளே வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை. யூரியா தாராளமாகக் கிடைக்கும் நிலத்தில் செடி முடிச்சுக்காக மெனக்கெடாது. கிள்ளினால் தனியே வராமல் வேரே உப்பியிருந்தால் அது நூற்புழு உண்டாக்கிய வீக்கம்.

பயிருக்குப் பயிர் ரைசோபியமும் வேறு. கொண்டைக்கடலைக்கு உரியது நிலக்கடலைக்கு உதவாது. பயிர்ப் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

நம்பிக்கை: காட்டு மரங்கள் பூஞ்சை இழை வழியே பேசிக்கொள்கின்றன, தாய்மரம் பிள்ளைமரத்துக்கு ஊட்டுகிறது.

யூடியூபில் கேட்க இனிமையாக இருக்கிறது. கனடாவில் சுசான் சிமார்டு குழுவினர் செய்து 1997-இல் வெளியிட்ட ஆய்வில், பிர்ச் கன்றுக்கும் டக்ளஸ் ஃபிர் கன்றுக்கும் இடையே கரிமம் கைமாறியது உண்மை. அது இழை வழியாகத்தான் போனது, அதனால்தான் கன்றுகள் பிழைக்கின்றன என்று சொல்லக் காடுகளில் கிடைத்த சான்று போதாது என அதே துறையைச் சேர்ந்த மூவர் 2023-இல் எழுதினார்கள். உறுதியாகத் தெரிந்தது இதைவிட எளிமையானது. வேர் எட்டாத இடத்திலிருந்து பூஞ்சை மணிச்சத்தைக் கொண்டுவருகிறது. கூலியாகச் சர்க்கரை வாங்குகிறது. பெரும்பாலான செடிகளுக்கு இந்த ஏற்பாடு உண்டு. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, கடுகு குடும்பத்துக்குப் பொதுவாகக் கிடையாது. அவற்றுக்கு யாராவது ‘வேம்’ என்ற பெயரில் விற்கும் இந்தப் பூஞ்சைத் தூளைச் சிபாரிசு செய்தால், காசைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.