‘அவோதா’: அடிமை வேலையும் ஆராதனையும்

எபிரேய மொழியில் ‘அவோதா’ என்றொரு சொல் உண்டு. இன்றைய இஸ்ரேலில் அது மிகச் சாதாரணமாகப் புழங்கும் சொல். காலையில் அலுவலகத்திற்குப் புறப்படுபவர் ‘அவோதா’வுக்குச் செல்கிறார்; கல்லூரி மாணவர் எழுதி ஒப்படைக்கும் கட்டுரையும் ‘அவோதா’தான்; உழவுத் தொழிலுக்கு ‘அவோதத் அதமா’, அதாவது மண்ணின் வேலை, என்று பெயர். வேலை என்பதே இச்சொல்லின் அன்றாடப் பொருள்.

இதே சொல் வழிபாட்டையும் குறிக்கிறது. எருசலேம் ஆலயத்தில் ஆசாரியர்கள் ஆற்றிய இறைபணி ‘அவோதா’ எனப்பட்டது. கி.பி. 70இல் ரோமானியர் அந்த ஆலயத்தை அழித்தனர். பலி செலுத்த இடமில்லாது போன யூதர்களுக்குப் பிரார்த்தனையே வழிபாடாயிற்று. அதனை அவர்களது ஞானியர் ‘இதயத்தில் செய்யும் அவோதா’ என்றனர்.

இச்சொல்லுக்கு மூன்றாவது முகமும் உண்டு. அடிமையைக் குறிக்கும் ‘எவெத்’ என்ற சொல் இதே வேரிலிருந்து பிறந்தது. தமிழிலும் ‘தொண்டு’ என்பது அடிமைத்தனம், இறைபணி ஆகிய இரண்டையும் குறிப்பது இங்கு நினைக்கத் தக்கது.

யாத்திராகமம் இவ்விரு முனைகளையும் ஒரே நூலில் காட்டுகிறது. எகிப்தில் இஸ்ரவேலர் செங்கல் அறுத்துப் பட்ட துன்பத்தைக் கூறும் முதல் அத்தியாயத்தின் இரண்டே வசனங்களில் (13, 14) இந்த வேர் ஐந்து முறை வருகிறது. விடுதலை பெற்ற அதே மக்கள் பாலைவனத்தில் இறைவனுக்குக் கூடாரம் அமைக்கிறார்கள், அவ்வேலையும் ‘அவோதா’வே. கைகள் அவைதாம், உழைப்பும் அதுதான். அப்படியானால் வேறுபாடு எங்கே?

எகிப்தியர் வாங்கிய வேலையை அந்நூல் ‘பெரெக்’ என்ற சொல்லால் அடையாளப்படுத்துகிறது. கொடுமையாக வேலை வாங்குதல் என்பது அதன் பொருள். சக இஸ்ரவேலரை அவ்வாறு ஆளக் கூடாது என்று லேவியராகமம் 25ஆம் அத்தியாயம் விடுதலை பெற்றவர்களையே எச்சரிக்கிறது. 1204இல் மறைந்த யூதத் தத்துவ அறிஞர் மைமோனிடிஸ் இதற்குத் தெளிவான விளக்கம் தந்தார். எல்லை வகுக்காத வேலையும் தேவையில்லாத வேலையுமே ‘பெரெக்’. ‘நான் வரும் வரை கொடியின் கீழ்க் கொத்திக்கொண்டிரு’ என்பது போன்ற ஏவல் முதல் வகை. வேண்டாத பானத்தைச் சூடாக்கி வரச் சொல்வது இரண்டாம் வகை. சவுக்கடி இல்லாமலேயே ஒருவனை அடிமையாக்கிவிடலாம் என்பதே இதன் உட்பொருள்.

வாரந்தோறும் வரும் ஓய்வுநாள் உழைப்புக்கு ஓர் எல்லை வகுக்கிறது. வேலைக்காரனும் வேலைக்காரியும் எஜமானரைப் போலவே அன்று இளைப்பாற வேண்டும் என்று உபாகமம் விதிக்கிறது. எகிப்தில் அடிமையாயிருந்ததை நினைவில் கொள் என்பதே அதற்குக் கூறப்படும் காரணம்.

வேலையே வழிபாடு என்று பிறருக்கு உபதேசிப்பது எளிது. ஆனால் வேலை வாங்குபவர் முதலில் தம்மையே இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும்: இந்த வேலையால் யாருக்கு என்ன பயன்? இது எப்போது முடியும்? இவற்றுக்கு நேர்மையான விடை இருக்குமிடத்தில்தான் உழைப்பு ஆராதனையாக மலர முடியும். விடை இல்லாத இடத்தில், எத்தனை புனிதமான பெயர் சூட்டினாலும், அது எகிப்தின் செங்கற்சூளையே.