கற்பூரம் ஏன் கரி கக்குகிறது?

தோழிகளே, எங்க வீட்டு சாமி மாடம் கற்பூரப் புகையால் கறுத்துப் போச்சு. பாட்டிக்கும் ஓயாத இருமல். டீச்சரிடம் கேட்டேன். சாராய விளக்குச் சுடர் மேல் பீங்கான் தட்டைக் காட்டினாங்க, கரி அவ்வளவாக ஒட்டலை. கற்பூரச் சுடர் மேல் காட்டியதும் தட்டு கன்னங்கரேல்னு ஆயிடுச்சு! ஏன்?

இரண்டிலும் ஆவிதான் எரிகிறது. சுடரின் ஓரத்தில்தான் காற்று ஆவியோடு கலக்கும். இதுவே விரவல் சுடர். உள்ளே ஆக்சிஜன் குறைவு. அங்கே ஆவி வெப்பத்தில் உடைந்து கார்பன் துகள்கள் உண்டாகும். அவை தணல் போல் ஒளிர்வதால்தான் சுடர் மஞ்சளாகத் தெரியுது. ஓரத்தில் எரிந்து தீராத துகளே கரி.

எத்தனால் மூலக்கூறில் கார்பன் 2, ஹைட்ரஜன் 6, ஆக்சிஜன் 1. கற்பூரத்தில் கார்பன் 10, ஹைட்ரஜன் 16, ஆக்சிஜன் 1. கார்பன் அதிகம். அதுவும் வளையமாகக் கட்டியிருக்கு. அதனால் கரியும் அதிகம்.

கரித்துகள் மிக நுண்ணியது, நுரையீரலுக்குள் போய்விடும். "சின்னத் துண்டு போதும் பாட்டி, ஜன்னலையும் திறந்து வைங்க" என்றேன். இப்போ எங்க வீட்டு ஜன்னல் திறந்திருக்கு. உங்க வீட்டில்?