கௌபாய் படங்களை டிஸ்க்கில் சேகரிப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

முத்து காமிக்ஸிலும் லயன் காமிக்ஸிலும் கௌபாய் கதை நாயகர்களான கேப்டன் டைகரையும் டெக்ஸ் வில்லரையும் படித்து வளர்ந்தவர்கள் அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் நிறையப் பேர் உண்டு. அந்தக் குதிரைகளைத் திரையில் பார்க்க ஓடிடி போதுமே என்று தோன்றலாம். ஆனால் ஒப்பந்தம் முடிந்தால் அங்கே படம் காணாமல் போய்விடும். அலமாரியில் இருக்கும் டிஸ்க் எங்கும் போகாது. ஹாலிவுட் இயக்குநர் ஜான் ஃபோர்டின் படங்களைக் காப்பாற்ற அமெரிக்காவில் ஆட்கள் இருக்கிறார்கள். தமிழில் கௌபாய் படங்கள் எடுத்த நம் இயக்குநர் கர்ணனின் படங்களைக் காப்பாற்ற நாம்தான் இருக்கிறோம்.

படி 1: முதல் பத்துப் படங்கள்

ஹாலிவுட்டில் ‘ஸ்டேஜ்கோச்’ (1939), ‘ஹை நூன்’ (1952), ‘ஷேன்’ (1953), ‘தி சர்ச்சர்ஸ்’ (1956) நான்கும் அடித்தளம். அடுத்து செர்ஜியோ லியோனியின் ‘எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்’ (1964), ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்லி’ (1966). இந்தியாவில் சக்கைப்போடு போட்ட ‘மெக்கன்னாஸ் கோல்ட்’ (1969) ஏழாவது.

மீதி மூன்றும் தமிழ்: ஜெய்சங்கர் நடித்த ‘காலம் வெல்லும்’ (1970), ‘கங்கா’ (1972), ‘ஜக்கம்மா’ (1972). மூன்றையும் இயக்கியவர் கர்ணன். அடிப்படையில் ஒளிப்பதிவாளர், குதிரைத் துரத்தல் காட்சிகளுக்குப் பேர்போனவர். சிம்புதேவனின் ‘இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்’ (2010) படத்தில் ஊரின் பெயரே ஜெய்சங்கர்புரம்தான். அந்த மரியாதை ஏன் என்று இந்த மூன்றையும் பார்த்தால் விளங்கும்.

படி 2: பிளேயர்

பழைய தமிழ்ப் படங்கள் பல விசிடியாகத்தான் வீடுகளுக்கு வந்தன. எல்லா ப்ளூ-ரே பிளேயரும் விசிடியை ஓட்டாது. அதனால் விசிடி, டிவிடி இரண்டையும் படிக்கும், எச்டிஎம்ஐ உள்ள பிளேயராகப் பாருங்கள். இந்திய டிவிடிகளின் ரீஜன் எண் 5, அமெரிக்க டிவிடிகளின் எண் 1. வெளிநாட்டு டிஸ்க் வாங்கும் எண்ணம் இருந்தால் ‘ரீஜன் ஃப்ரீ’யா என்று கடையிலேயே கேட்டுவிடுங்கள். 4கே டிஸ்க்குகளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

படி 3: எங்கே தேடுவது?

மோசர் பேர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்ற காலத்தில் வீட்டுக்கு வீடு டிஸ்க் சேர்ந்தது. இன்று அவை பரணிலிருந்து பழைய பேப்பர் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. உங்கள் தெருவில் உள்ள பேப்பர்காரரிடம் சொல்லி வையுங்கள். பூந்தமல்லிக்காரர்கள் குன்றத்தூர் வழியாகப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போகலாம். பிளேயருக்கும் அதன் உதிரி பாகங்களுக்கும் ரிச்சி தெரு. ஆவடியிலும் அம்பத்தூரிலும் மின்சார ரயில் ஏறி, மூர் மார்க்கெட் வளாகத்தில் இறங்கினால் பக்கம்தான்.

படி 4: வாங்கும் முன் சோதனை

டிஸ்க்கைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் வெள்ளி நிறமாக இருந்தால் ஆலையில் அச்சிட்டது. ஊதா, நீலம், பச்சைச் சாயல் தெரிந்தால் கணினியில் எழுதிய நகல், வேண்டாம். பிறகு விளக்குக்கு நேரே பிடியுங்கள். ஊசித் துளைபோல வெளிச்சம் தெரிந்தால் அந்த இடத்தில் டிஸ்க்கின் உலோகப் பூச்சு போய்விட்டது. விசிடியில் அடிப்பக்கக் கீறலைவிட மேல்பக்கக் கீறல்தான் ஆபத்து, ஏனென்றால் பூச்சு லேபிளுக்கு அடியிலேயே இருக்கிறது. டிவிடியில் அது நடுவில் இருப்பதால் கொஞ்சம் தாங்கும்.

படி 5: அகலமும் நீளமும்

லியோனி அகலத் திரைக்காகவே காட்சி அமைத்தவர். துப்பாக்கிச் சண்டையில் ஒரு ஓரத்தில் ஒருவர், மறு ஓரத்தில் இன்னொருவர் நிற்பார். பழைய டிவிக்காக ஓரத்தை வெட்டிய பதிப்பில் ஒருவர் காணாமல் போவார். எனவே ‘வைட்ஸ்கிரீன்’ என்று அட்டையில் போட்டிருக்க வேண்டும். மாறாக, ‘ஹை நூன்’ கிட்டத்தட்ட சதுரமான சட்டத்தில் எடுத்த படம். அதற்கு இரு பக்கமும் கறுப்புப் பட்டை வருவதுதான் சரி. டிவியில் இழுத்து நிரப்பாதீர்கள்.

நீளத்தையும் கவனியுங்கள். ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்லி’ சுமார் 161 நிமிடப் பதிப்பாகவும், 179 நிமிடப் பதிப்பாகவும் கிடைக்கிறது.

படி 6: வெயில், ஈரம், வெள்ளம்

மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் பரண் கோடையில் கொதிக்கும், அங்கே வைக்காதீர்கள். தரையோடு தரையாகவும் வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை அம்பத்தூர், கொரட்டூர் வீடுகளுக்குள் புகுந்ததை மறக்க முடியுமா? இடுப்புக்கு மேலே உள்ள தட்டில், புத்தகம்போல நிமிர்த்தி அடுக்குங்கள். துடைக்கும்போது மென்துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக இழுங்கள், வட்டமாகத் தேய்க்காதீர்கள்.

படி 7: பிரதி எடுங்கள்

ஒரு நோட்டில் படம், ஆண்டு, பதிப்பு, வாங்கிய நாள் எழுதுங்கள். தமிழ் விசிடிகளை உங்கள் சொந்தப் பாதுகாப்புக்காக ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிவிடுங்கள். விசிடியில் ‘எம்பெக்ஏவி’ என்ற ஃபோல்டரில் படம் இருக்கும், அதை அப்படியே நகலெடுத்தால் போதும். ‘ஸ்டேஜ்கோச்’ டிஸ்க் கெட்டால் இன்னொன்று வாங்கலாம். ‘கங்கா’ கெட்டால் மறுபடி கிடைக்கும் என்று நம்பி இருக்க முடியாது.

ஆகவே கடைக்குக் கிளம்பும் முன், இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுப் பரணில் ஏறிப் பாருங்கள். சித்தப்பா வீட்டிலும் மாமா வீட்டிலும் கேளுங்கள். ஜெய்சங்கர் குதிரையில் உட்கார்ந்திருக்கும் அட்டை ஒன்று அங்கே கிடந்தால், உங்கள் சேகரிப்பின் முதல் டிஸ்க் அதுவாகவே இருக்கட்டும்.