நூற்றுக்குப் பதினைந்து என்னும் பிரமை

தஞ்சை ஜில்லாவில் குறுவை நடவுக்குப் பணம் தேடி ஜனங்கள் அலையும் பருவம் வந்துவிட்டால், கீழவாசல் கடைத்தெருவிலும் பாபநாசம் பக்கத்துக் கிராமங்களிலும் ஒரே வாக்கியம் என் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது: “தண்டல்காரர் பிடிப்பது நூற்றுக்குப் பதினைந்துதானே! பாங்கில் நகையை வைத்தாலே பத்து கேட்கிறார்களே!” எழுத்தறியாதவர் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம், பட்டம் பெற்றவர்களும் கூச்சமின்றிச் சொல்வதைக் கேட்கையில், கூட்டுறவுச் சங்கக் கணக்குகளைத் தணிக்கை செய்தே தலை நரைத்த எனக்குப் பொறுமை போய்விடுகிறது.

கணக்கைப் பாருங்கள். கணவர் குத்தகை நிலம் உழ, தான் இட்லிக்கடை நடத்தும் ஓர் அம்மாள் நடவுக்கூலிக்காகத் தண்டல் வாங்குகிறாள். பெயருக்குக் கடன் 10,000 ரூபாய். 1,500 முன்னதாகவே கழிக்கப்பட்டுக் கையில் விழுவது 8,500. மறுநாள் முதல் தினம் 100 ரூபாயாக 100 நாள் கட்டவேண்டும். சாயங்காலம் வண்டியில் வருகிறவர், அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்துத் தரும் நூறை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, கட்டம் போட்ட சிறிய அட்டையில் ஒரு கட்டத்துக்குள் கிறுக்கிவிட்டுப் போகிறார். அவளிடமுள்ள ரசீது அது ஒன்றே. அதிலும் 10,000 என்று இருக்குமே தவிர 8,500 என்ற எண் மருந்துக்கும் இராது.

‘பதினைந்துதானே’ என்கிற மேதாவி, வாங்கிய தொகை நூறு நாளும் அவளிடமே இருந்ததாக எண்ணிக்கொள்கிறார். ஐம்பதாம் நாளிலேயே 5,000 திரும்பிவிட்டதே! சராசரியாகப் பார்த்தால் அவள் அனுபவித்தது ஏறத்தாழப் பாதி அசல். அந்தப் பாதிக்கு, மூன்று மாதமும் பத்து நாளும் கொண்ட அற்ப காலத்துக்கு, வட்டி 1,500. பாங்கு வட்டியோடு ஒப்பிட வேண்டுமானால் இதையும் வருஷத்துக்குக் கணக்கிடுவதுதானே நியாயம்? அப்படிக் கணக்கிட்டால் நூற்றுக்கு 120-க்குக் குறையாது. ‘ஆபத்தை ஏற்கிறாரே’ என்று பரிந்து பேசுவோருக்கு ஒரு வார்த்தை: எண்பத்தைந்தாம் நாளில் அவருடைய கைமுதல் முழுவதும் திரும்பிவிடுகிறது, இன்று வசூலான நூறோ, நாளைக் காலையில் வேறொருவருக்குத் தண்டலாகி, மறுபடியும் பதினைந்தைக் கழித்துக்கொண்டு புறப்பட்டுவிடுகிறது.

மற்ற பிரமைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை.

‘கிரிக்கெட் பந்தயத்தில் புக்கி அதிர்ஷ்டத்தால் பிழைக்கிறார்’ என்பார்கள். சமபலமுள்ள இரு அணிகள்மீது இரண்டு பேரிடம் தலா 100 வாங்கி, ஜெயித்தவருக்கு 190 கொடுப்பவருக்கு அதிர்ஷ்டம் எதற்கு? எவர் ஜெயித்தாலும் 10 அவருடையது.

‘மூன்று நம்பர் லாட்டரியில் என்றாவது விழும்’ என்பார்கள். 000 முதல் 999 வரை எண்கள் ஆயிரம். ரூபாய்க்கு ஐந்நூறு மடங்கு பரிசு என்றால்கூடப் போட்ட பணத்தில் பாதி நடத்துகிறவருக்கே. தமிழ்நாட்டில் லாட்டரியே 2003 முதல் தடை.

‘வட்டிக்காரரைச் சட்டம் தொடாது’ என்பதும் பொய். 1938-லேயே ராஜாஜி மந்திரிசபை கொண்டுவந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், அசலைப்போல் இரு மடங்கு செலுத்தப்பட்ட பழங்கடனைத் தீர்ந்த கடனாகவே கொண்டது. 2003-ஆம் வருஷத்துக் கந்துவட்டித் தடைச் சட்டமோ கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே தடுத்து, மூன்றாண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது.

பரிகாரம் என்னவென்றால், நான் ஆயுள் முழுதும் சொல்லிவருவதையே சொல்வேன். 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்ததே லேவாதேவிக்காரரின் பிடியிலிருந்து குடியானவனை விடுவிக்கத்தான். இன்றும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கித் தவணை தவறாமல் கட்டுகிறவருக்கு வட்டிச் சுமையே இல்லை. குத்தகைக்காரரிடம் காகிதம் இல்லாததால்தான் அந்தக் கதவு அடைபடுகிறது. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-லேயே சட்டம் வந்திருந்தும், வாய்ப்பேச்சிலேயே நிலத்தை விட்டுக் குத்தகை நெல்லை மட்டும் அளந்துகொள்ளும் மிராசுதாரர்களுக்கும் இந்தப் பாவத்தில் பங்குண்டு. ஆகையால் நிலமுடையவர்களே, அடுத்த நடவுக்கு முன் குத்தகையைப் பதிந்து கொடுங்கள். உழுகிறவர்களே, சங்கத்தில் அங்கத்தினராகச் சேருங்கள். அதுவரை யாரிடம் கடன் வாங்கினாலும், கையில் வாங்கிய தொகை எவ்வளவு என்பதை அன்றைக்கே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.