லோகோ வேறு, கியர்பாக்ஸ் ஒன்று

என்னிடம் இருப்பது ஸ்கோடா ஆக்டேவியா டீசல். மச்சானிடம் இருப்பது ஆடி ஏ3 பெட்ரோல். பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டி வருகிறேன். கார் வாங்க யோசனை கேட்டு வருகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: முகப்பில் என்ன சின்னம் என்று பார்ப்பதற்கு முன்னால், உள்ளே எந்த கிளட்ச் என்று கேளுங்கள்.

ஆடி, ஸ்கோடா, ஃபோக்ஸ்வேகன் மூன்றும் ஒரே குழுமம். இந்த ஏ3, ஆக்டேவியா இரண்டுமே அவுரங்காபாத் ஆலையில் பூட்டப்பட்டவை. ஸ்கோடாவில் டிஎஸ்ஜி என்பதைத்தான் ஆடியில் எஸ் டிரானிக் என்கிறார்கள். 2013, 2014-ல் இங்கே வந்த தலைமுறையில் இரண்டு காரின் 1.8 லிட்டர் பெட்ரோலுக்கும் 180 பிஎஸ், 250 நியூட்டன் மீட்டர், டிகியூ200 என்கிற ஏழு கியர் பெட்டி. 2 லிட்டர் டீசல் என்றால் இரண்டிலும் டிகியூ250, ஆறு கியர். ஆக மச்சானின் ஆடிக்கு நெருங்கிய சொந்தம் பெட்ரோல் ஆக்டேவியாதானே தவிர, டீசல் ஆடி அல்ல.

மலையில் இது ஏன் முக்கியம்? டிகியூ200-ல் இருப்பது டிரை கிளட்ச். ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு தட்டு, இரட்டைப்படைக்கு ஒன்று. சூட்டை ஆற்ற வெறும் காற்றுதான். டிகியூ250-ல் தட்டுகள் எண்ணெயில் மூழ்கி ஓடுகின்றன, சூட்டை எண்ணெய் இழுத்துக்கொள்ளும். நெடுஞ்சாலையில் இந்த வித்தியாசம் தெரியாது. பெருமாள்மலை தாண்டி வெள்ளி நீர்வீழ்ச்சிக்கு முன்னால், மே மாத வரிசையில் தெரியும். 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறைக்கு வந்தும் அங்கே ஏற்றத்தில் அங்குலம் அங்குலமாக நகரும் நாட்கள் உண்டு. போன சீசனில் எனக்கு முன்னால் நின்ற வண்டி பின்னால் உருண்டுவிடாமல் இருக்க ஆக்சிலேட்டரை லேசாகக் கொடுத்தபடியே நின்றது. கருகல் வாடை என் கார் வரைக்கும் வந்தது. இறங்கிப்போய், "தம்பி, ஆக்சிலேட்டர்ல வண்டிய நிறுத்தாதீங்க, பிரேக்க மிதிங்க" என்றேன். "ஆட்டோமேட்டிக்தானேண்ணே, கிளட்சே கிடையாதே" என்றார். காலால் மிதிக்கும் கிளட்ச்தான் கிடையாது. உள்ளே இரண்டு இருக்கின்றன.

டிரை கிளட்ச் வண்டிக்கு நான் பிடிக்கும் முறை இது. முன்னால் ஒரு வண்டி நீளம் இடம் விழட்டும், அதுவரை பிரேக்கிலோ ஆட்டோ ஹோல்டிலோ நில்லுங்கள். பிறகு ஒரே மூச்சில் நகர்ந்து மறுபடி முழுதாக நில்லுங்கள். பின்னால் இருப்பவர் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். இறங்கும்போது, அதுவும் வடகவுஞ்சி வழியாகப் பழனிக்கு இறங்கும்போது, டி-யில் விடாமல் மேனுவலுக்கு மாற்றி இரண்டாவது கியரில் வாருங்கள். வண்டியை இன்ஜினே பிடித்துக்கொள்ளும், பிரேக் காயாது.

ஏழு கியர் என்றாலே டிரை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். 2021-ல் வந்த ஆக்டேவியாவிலும் 2022-ல் வந்த ஆடி க்யூ3-யிலும் ஏழு கியர்தான், ஆனால் வெட் கிளட்ச். டார்க் எண்ணைப் பாருங்கள்: டிகியூ200 தாங்குவது 250 நியூட்டன் மீட்டர் வரைதான். அந்த இரண்டு கார்களுக்கும் 320. டைகுன், குஷாக், ஸ்லாவியா, விர்டஸ் 1.5 டிஎஸ்ஜி எல்லாம் 250. அதே டிரை கிளட்ச். இதே கார்களின் 1 லிட்டர் ஆட்டோமேட்டிக்கில் டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறது. வரிசையில் ஊர்ந்து போக அதுதான் நிம்மதி, விலையும் குறைவு. கொடைக்கானலில் குடியிருந்து தினமும் ஏறி இறங்குகிறவருக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

பழைய ஆடி இப்போது புது ஸ்லாவியா விலைக்குள்ளேயே கிடைக்கிறது. பார்க்கப் போனால் டிக்கியில் ஸ்டெப்னி குழியையோ சர்வீஸ் புத்தகத்தையோ திறந்து, ஸ்டிக்கரில் இன்ஜின் குறியீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கியர்பாக்ஸ் குறியீட்டைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கோடா டிஎஸ்ஜி வேலை தெரிந்த மெக்கானிக்கிடம் அதைக் காட்டினாலே போதும். ஆடி என்றதும் அவர் பயப்பட மாட்டார். பாகத்தின் எண்ணை வைத்து இரண்டு பிராண்டின் கவுண்டரிலும் விலை கேளுங்கள். டிகியூ250 என்றால் 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெயும் ஃபில்டரும் மாற்றிய பில் வேண்டும். பில் இல்லை என்றால் அந்தச் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.