தாளும் மூச்சும்: பாஸ்டலில் உருவம் வரையும் இளம் கலைஞருக்கு



அமெரிக்க ஓவியர் ஆர்தர் பி. டேவிஸ் பாஸ்டலிலும் சாக்கிலும் வரைந்த உருவங்களில் பாதி வேலையைத் தாளே செய்துவிடுகிறது. நிறத் தாளின் மேல் கருப்பில் சில கோடுகள்; தோள், முதுகு, தொடை என உடல் திரண்டு வரும் இடங்களில் கொஞ்சம் வெள்ளை; மற்றதெல்லாம் கை படாத தாள். அந்தக் கை படாத பரப்புதான் தோலாகத் தெரிகிறது.

இதற்குக் காரணம் பாஸ்டலின் இயல்பு. நிறமித் தூளை மிகக் குறைந்த பசையோடு பிசைந்து, உருட்டி, உலர்த்தினால் பாஸ்டல் குச்சி. எண்ணெய் வண்ணத்தைப் போல அது படலமாக இறுகுவதில்லை. தாளின் சொரசொரப்பில் தூளாகவே தங்கிவிடுகிறது. சொரசொரப்பு நிரம்பிவிட்டால் அடுத்த தீற்றல் பிடிக்காமல் வழுக்கும். விரலால் ஓயாமல் தேய்த்தால் துகள்கள் அமுங்கி நிறம் மங்கும். புதிதாகப் பழகுபவர்கள் நல்ல உருவங்களைக் கெடுத்துக்கொள்வது பெரும்பாலும் இந்தத் தேய்ப்பில்தான். நடுத்தொனியைத் தாள் ஏற்கெனவே தந்துவிட்டதால், இருளையும் ஒளியையும் மட்டும் சேர்த்தால் போதும். தீற்றல்கள் தீற்றல்களாகவே நிற்கட்டும்.

டேவிஸ் 1862இல் நியூயார்க் மாநிலத்தின் யூட்டிகாவில் பிறந்தவர். 1908இல் மக்பெத் ஓவியக் கூடத்தில் காட்சி வைத்த ‘எண்மர்’ என்ற ஓவியர் குழுவில் ஒருவர். ஐரோப்பிய நவீன ஓவியத்தை அமெரிக்க மக்கள் முன் பெரிய அளவில் கொண்டுவந்த 1913ஆம் ஆண்டின் ஆர்மரி கண்காட்சியை நடத்திய சங்கத்துக்கு அவரே தலைவர். அதன்பின் சில காலம் உடலைக் கியூபிசப் பட்டைகளாக உடைத்தும் பார்த்தார். அந்தச் சோதனைகளைவிட அவருடைய எளிய உருவ வரைவுகளே பயில்பவருக்கு அதிகம் கற்றுத்தருகின்றன.

பிற்காலத்தில் தொல்லியல் அறிஞர் குஸ்டாவஸ் ஐசனின் கருத்தொன்று அவரை ஆட்கொண்டது. பண்டைக் கிரேக்கக் கலைஞர்கள் உடலை மூச்சு உள்ளே போகும் கணத்தில் வடித்தார்கள், அவ்வுருவங்களின் உயிர்ப்புக்கு அதுவே காரணம் என்பது அக்கருத்து. வரலாறாக அதை நிறுவுவது கடினம். கண்ணுக்கான பயிற்சியாகவோ அது மிக உயர்ந்தது. மூச்சு உள்ளே போகும்போது விலா விரிகிறது, மார்பு மேலெழுகிறது, காறையெலும்பின் மேல் விழும் ஒளி இடம் மாறுகிறது. மாடலின் முன் அமர்பவர் முதலில் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, அந்த ஏற்ற இறக்கத்தைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். ஏறும் கணத்தில் ஒளி எங்கே விழுகிறதோ, வெள்ளை அங்கே மட்டும். இந்தக் கட்டுப்பாடு கைவந்தவருக்கு எங்கே நிறுத்துவது என்ற குழப்பம் பெருமளவு தீர்ந்துவிடும்.

தாளே தோலாக நிற்பதால், வெளிச்சத்தில் வெளிறிப்போகும் மலிவான நிறத் தாளைத் தவிர்ப்பது அவசியம். ஃபிக்ஸேடிவ் தெளித்தால் துகள் ஓரளவு பிடித்துக்கொள்ளும். ஆனால் வெளிர் நிறங்கள் சற்றுக் கருத்துவிடும். வெள்ளையை இவ்வளவு நம்பும் படத்துக்கு அது பெரிய இழப்பு. எனவே தெளிக்காமல், கண்ணாடி தாளில் படாதபடி நடுவே அட்டை வைத்துச் சட்டமிடுவதே மேல்.