காப்பீடு கடல் தாண்டுமா?

நான் ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர், வயது 66. ஓய்வூதியத்தில் மாதம் 497 ரூபாய் மருத்துவக் காப்பீட்டுக்குப் பிடிக்கிறார்கள். கிரீன் கார்டு கிடைத்து மகனோடு அமெரிக்காவிலேயே தங்கிவிட்டால் அது அங்கே செல்லுமா?
– வாசகர், திருப்பத்தூர்

செல்லாது ஐயா. 2022 ஜூலையில் தொடங்கிய இத்திட்டம், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளோடு முன்கூட்டியே பேசி வைத்த கட்டணத்தில் ஓடுகிறது. 497 ரூபாய்க்கு 5 லட்ச ரூபாய்க் காப்பீடு கட்டுப்படியாவதே அதனால்தான். ‘பணம் கட்டுகிறேனே’ என்பது நியாயமான கேள்வி. ஆனால் அமெரிக்க பில்லை இந்தப் பொதுப் பணத்தில் தீர்த்தால் மற்ற ஓய்வூதியர்களுக்கு என்ன மிஞ்சும்?

‘65 தாண்டினால் அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர் உண்டே’ என்று மகன் சொல்லலாம். கிரீன் கார்டோடு அங்கே தொடர்ந்து 5 ஆண்டுகள் வசித்த பிறகே உங்களுக்கு அது. அப்போதும், அங்கே வேலை பார்த்து வரி கட்டாதவர் பொதுவாக அதன் மருத்துவமனைப் பிரிவுக்கும் மாதாமாதம் பிரீமியம் கட்டியாக வேண்டும். அதுவரை, அந்நாட்டு அரசின் காப்பீட்டுச் சந்தையில் பாலிசி எடுங்கள். குடியேறிய 60 நாட்களுக்குள் விண்ணப்பிக்காவிட்டால் அடுத்த ஆண்டுச் சேர்க்கை வரை காத்திருக்க நேரும். விசிட்டர் காப்பீட்டை நம்ப வேண்டாம்; ஏற்கெனவே இருக்கும் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் அது பெரும்பாலும் கைவிரித்துவிடும். இங்குள்ள காப்பீட்டு அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். ஊருக்கு வரும்போது உதவும்.